சாக வேண்டிய வரிசை

என் ஆத்துக்காரி கல்பகத்துக்குச் சம்பளம் எதுக்குன்னு யாராவது கேட்டா, புல்லைக் கொல்றதுக்குன்னு சொல்லுவேன். கேக்கறவா சிரிப்பா. நான் சிரிக்க மாட்டேன், ஏன்னா அது நிஜம். எங்க ஹைதராபாத் கொண்டாப்பூர் அபார்ட்மென்ட்ல பாதிப் பேர் நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து என்ன பண்றான்னு அவாத்துல இருக்கறவாளுக்கே தெரியாது. என் பெண்டாட்டி பண்றது எனக்கு நன்னாத் தெரியும். பட்டான்செரு தாண்டி ஒரு தீவன விதைக் கம்பெனியில இருபத்திரெண்டு வருஷமா அவ நோய்ச் சோதனை பாக்கறா. மாடு தின்ற புல்லுல புது ரகம் எது வந்தாலும், இவ கையில சாகாமத் தப்பிச்சாத்தான் அது மூட்டையில ஏறும்.

புல்லுக்கு என்ன பெரிய நோய்னு நானும் ஒரு காலத்துல கேட்டிருக்கேன். வளந்த புல் மிதிச்சாலும் சாகாது, வாஸ்தவம். ஆனா முளைச்ச முதல் பத்து நாள் அது பச்சைக் குழந்தை. மண்ணுல ஒரு பூஞ்சை இருக்கு. ஈரம் கண்டா எழுந்துக்கும். தண்டு மண்ணைத் தொடற இடத்துல பழுப்பா ஒரு வளையம் விழும், மறுநாள் பாத்தா நாத்து சாஞ்சு கிடக்கும். நாற்றழுகல்னு பேர். மழைக்கு விதைச்ச விவசாயி விதை சரியில்லைன்னு கம்பெனியைத் திட்டுவான், கம்பெனி மழையைத் திட்டும், நடுவுல மாடு பட்டினி கிடக்கும்.

அது நடக்காம இருக்கத்தான் கல்பகம். சோளத்தை வேகவெச்சு, அதுல அந்தப் பூஞ்சையை வளத்து, மண்ணுல கலந்து, அந்த மண்ணை டிரேயில கொட்டி விதைப்பா. ஒரு ரகத்துக்கு ஒரு வரிசை. எத்தனை நாத்து நிக்கறது, எத்தனை விழறதுன்னு பன்னிரண்டு நாள் எண்ணுவா. அவ எண்ணிட்டு ஒரு கையெழுத்துப் போட்டா, அதுக்கு மேல கம்பெனியில யாரும் பேச மாட்டா.

இதுல ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒவ்வொரு டிரேயிலயும் கடைசி வரிசையா ஒரு பழைய ரகத்தைப் போடுவா. பூஞ்சை கிட்ட வந்தாலே படுத்துடற ஜாதி. அதுக்கு அவ வெச்ச பேர் சவலை. சவலை செத்தே ஆகணும். அது செத்தாத்தான் மண்ணுல நோய் இருந்ததுன்னு அர்த்தம், மத்தது பிழைச்சதுக்கு மதிப்பு. சவலை பிழைச்சுட்டா மொத்த டிரேயும் குப்பை.

நான் பத்ரிநாராயணன். பாதுகாப்புத் துறையில முப்பத்திநாலு வருஷம் இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்து ரிடையர் ஆனவன். என் கண்ணுக்குத் தப்பி ஒரு கீறல் வெளியில போனதில்லை. சுத்தம்னா எனக்கு உசிர். என் மேஜையில சாப்பிடலாம்னு என் டிபார்ட்மென்ட்ல சொல்வா. இதைப் பெருமையாத்தான் சொல்றேன். இந்தப் பெருமைதான் என்னைக் குழியில தள்ளித்து.

போன ஏப்ரல்ல எட்டுப் புது ரகம் சோதனைக்கு வந்தது. எட்டும் கினியாப் புல். அதுல ஆறாம் நம்பர் ரக்ஷிதான்னு ஒரு பொண்ணு அஞ்சு வருஷமா ஒட்டுக் கட்டி, பொறுக்கி எடுத்து வளத்தது. நம்ம பக்கத்துப் பொண்ணுதான், இங்கயே பொறந்து வளந்ததால தமிழ் புரியும், பதில் மட்டும் தெலுங்குலயும் இங்கிலீஷ்லயும் வரும். ஆறாம் நம்பர் தேறினா, பால் சங்கம் ஒண்ணு வர மழைக்கு மூவாயிரம் ஏக்கர்ல போடறதாப் பேச்சு. சங்கத்துக்காரா முந்தின வருஷம் வேற யார்கிட்டயோ வாங்கின விதை மொத்தமும் அழுகிப் போய் நொந்து போயிருந்தா. கல்பகம் வியாழக்கிழமை நாலு டிரேயில விதைச்சா. ரகத்துக்கு நூறு விதை.

வெள்ளிக்கிழமை அவளுக்கு மெட்ராஸ் ஐ வந்துடுத்து. ரெண்டு கண்ணும் தக்காளி. ஆபீஸ்ல உள்ள விட மாட்டா. தண்ணி விடற மல்லேஷ், தன் தம்பி கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தான். டிரே காஞ்சா சோதனை போச்சு. நான் போறேன்னேன்.

கல்பகம் கண்ணை மூடிண்டே யோசிச்சா. அப்புறம், "ஷெட்டுக்குப் பின்னாடி நீல டிரம் இருக்கு. அதுலேர்ந்து டிரேக்கு ரெண்டு மக் விடுங்கோ. வேற எதையும் தொடாதேங்கோ" என்றாள்.

"எனக்குச் சொல்றியா?"

"உங்களுக்குத்தான் சொல்றேன்."

சனிக்கிழமை காலம்பற போனேன். செக்யூரிட்டி யாதய்யா சாவி கொடுத்தான். டிரேயெல்லாம் அழகா வரிசையா இருந்தது. ஷெட்டுக்குப் பின்னாடி போய் நீல டிரம்மைப் பாத்தேன். மேல ஒரு கிழிஞ்ச வலை, உள்ள பச்சையா பாசி, அதுல கொசுப்புழு நெளிஞ்சுண்டிருக்கு. இருபத்திரெண்டு வருஷம் சர்வீஸ் பண்ற ஒருத்திக்கு இப்படி ஒரு தண்ணியான்னு கோபம் கோபமா வந்தது. மல்லேஷை மனசுக்குள்ள மெமோ கொடுத்து அனுப்பினேன். டிரம்மைச் சாய்ச்சேன். யாதய்யாகிட்ட பிளீச்சிங் பவுடர் கேட்டு வாங்கி உள்ள வெளியில தேய்ச்சுக் கழுவினேன். பைப்புல புதுத் தண்ணி பிடிச்சேன். புழு திரும்பி வரப்படாதேன்னு ரெண்டு ஸ்பூன் பவுடர் உள்ளயும் போட்டேன். டிரம் பளபளன்னு நின்னது. அந்தத் தண்ணியைத்தான் புதன்கிழமை வரைக்கும் அஞ்சு நாள் விட்டேன்.

ஆத்துல வாயே திறக்கலை. அவளே போய்ப் பாத்துட்டு அசந்து போகட்டும்னு இருந்தேன். வியாழக்கிழமை வேலைக்குப் போனவ சாயங்காலம் வந்து, "டிரம்மெல்லாம் துடைச்சிருக்கேள் போல" என்றாள். அவ உள்ள எட்டிப் பாக்கலை, வெளியில துடைச்சதைத்தான் சொல்றான்னு எனக்குத் தெரியலை. பரவாயில்லை, இதுக்கு மேல பாராட்ட அவளுக்கு வராதுன்னு நினைச்சுண்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பன்னிரண்டாம் நாள் கணக்கு. அன்னிக்கு அவளைக் கூட்டிண்டு வரப் போயிருந்தேன். ஆபீஸ்ல ஒரே கொண்டாட்டம். ஆறாம் நம்பர் நூத்துக்குத் தொண்ணூத்தாறு நிக்கறது. ரக்ஷிதா பூதரேகுலு வாங்கிண்டு வந்து எல்லாருக்கும் கொடுத்துண்டிருந்தா. என் கையிலயும் ஒண்ணு திணிச்சு, "அங்கிள், யூ வாட்டர்ட் தெம்" என்றாள். எனக்குத் தலைகால் புரியலை. ரிசர்ச் ஹெட் விஸ்வநாத், நாப்பது வயசு இருக்கும், கோயம்புத்தூர்க்காரர், நல்ல மனுஷன், என் கையைப் பிடிச்சுக் குலுக்கினார். கல்பகம் மட்டும் ஸ்வீட்டைப் பேப்பர்ல மடிச்சுப் பைக்குள்ள வெச்சுண்டா.

ஆத்துக்கு வந்து காபி போட்டுக் கொடுத்தேன். அவ டம்ளரைத் தொடலை.

"சவலை நிக்கறது" என்றாள்.

"எத்தனை?"

"தொண்ணூத்தொண்ணு. ஏழாம் நாளே பாத்தேன். லேட்டா விழும்னு பொறுத்துண்டிருந்தேன். விழவே இல்லை."

"நிக்கட்டுமே. அதுக்கும் ஒரு நல்ல காலம் வந்துதுன்னு வெச்சுக்கோ."

அவ என்னைப் பாத்தா. சிவப்பு இன்னும் முழுக்க வடியாத கண்ணு. "நீங்க வேலையில இருந்தப்போ, கெட்ட பீஸ் ஒண்ணை வேணும்னே எடுத்து வெச்சிருப்பேளே, அளவு பாக்கற கேஜைச் சோதிக்க. ஒருநாள் அந்தக் கெட்ட பீஸ் பாஸாச்சுன்னா என்ன பண்ணுவேள்?"

"பீஸ் நல்லதாயிடுத்துன்னு எவன் சொல்வான். கேஜ் கெட்டுப் போச்சுன்னு அர்த்தம். அன்னிக்குப் பாத்ததெல்லாம் ரிஜெக்ட்."

சொல்லி முடிச்சப்புறம்தான் என் வாயால நான் என்ன சொன்னேன்னு எனக்கே உறைச்சது. அவ தலையாட்டினா. "அதான். விஸ்வநாத் சவலையோட விதை மாறிப் போச்சுன்னு எழுதிட்டு, அந்த வரிசையை எடுத்துடலாம்கறார். வெள்ளிக்கிழமை சங்கத்துக்காரா வரா. விதை மாறலை. நானே உறையிலேர்ந்து எடுத்துப் போட்டேன். மண்ணு சரி. சூடு சரி." ஒவ்வொரு விரலா மடிச்சுண்டே வந்தா. "தண்ணின்னா, பைப் தண்ணியில குளோரின் இருக்கும், பூஞ்சையைக் கொன்னுடும். அதுக்குத்தான் நாலஞ்சு நாள் திறந்து வெச்சுப் போக விடறது. பாசி பிடிச்சா நல்லதுன்னு விட்டுடுவேன், தண்ணி சுத்தமா ஆறியாச்சுன்னு அடையாளம். நீங்க டிரம் தண்ணிதானே விட்டேள்?"

இந்த இடத்துல ஒரு மனுஷன் என்ன சொல்லணும்னு உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

"டிரம் தண்ணிதான்" என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறதுன்னா இதான். பொய்னு சொல்ல முடியாது, டிரம்லேர்ந்துதான் விட்டேன். முப்பத்திநாலு வருஷம் அடுத்தவா வேலையில சொட்டை சொன்ன வாய், தன் தப்புன்னு வந்ததும் வார்த்தையை எண்ணி எண்ணிப் பேசித்து. வெக்கம் பிடுங்கித் தின்னுது. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு எழுந்து போயிட்டேன்.

அவ கடைசி விரலையும் மடிச்சா. "அப்போ என் கைதான். பூஞ்சையைக் கலக்கறச்சே கோட்டை விட்டிருக்கேன். வயசாயிடுத்து, வேறென்ன."

புதன் போச்சு. வியாழன் போச்சு. நாளைக்கு நாளைக்குன்னு நானும் தள்ளிண்டே வந்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில அவ அறிக்கை கிடந்தது. கடைசிப் பாராவைப் படிச்சேன். சோதனை செல்லாது, பூஞ்சை கலந்ததில் என் கவனக்குறைவு காரணம்னு எழுதியிருந்தா. கீழ கையெழுத்து. அவளுக்கு அடுத்த மாசம் அம்பத்தெட்டு முடியறது. ரெண்டு வருஷம் நீட்டிப்புக்கு ஃபைல் விஸ்வநாத் மேஜையில இருக்கு. இந்தப் பாராவைப் படிச்சுட்டு எவன் நீட்டிப்பான்? அதைவிட இன்னொண்ணு என்னை அறுத்தது. சமையல் ரூம்ல சோத்துக்கு உப்புப் போடறப்போ ஸ்பூனை வெளிச்சத்துல தூக்கித் தூக்கிப் பாத்துண்டிருந்தா. தன் கை மேல அவளுக்கே நம்பிக்கை விட்டுப் போச்சு.

வெள்ளிக்கிழமை நான்தான் கார் ஓட்டினேன். மியாபூர்ல சொல்லலாம்னு பாத்தேன், டிராஃபிக். ராமச்சந்திராபுரத்துல சொல்லலாம்னு பாத்தேன், ஷேர் ஆட்டோக்காரன் ஒருத்தன் குறுக்க வந்தான், அவனைத் திட்டறதுல கம்பெனி வந்துடுத்து. அவ இறங்கி உள்ள போனா. நான் கேட் பக்கத்துல உக்காந்தேன்.

யாதய்யா டீ கொண்டு வந்து கொடுத்தான். "அன்னிக்கு டிரம்மை அப்படித் தேய்ச்சுக் கழுவினீங்களே சார், மேடம் சந்தோஷப்பட்டாங்களா?"ன்னு தெலுங்குல கேட்டான். கேலி இல்லை, நிஜமாவே கேட்டான். டீயைக் கீழ வெச்சேன். எழுந்துட்டேன்.

மீட்டிங் ரூம் கதவை நான் தட்டவே இல்லை. உள்ள விஸ்வநாத், ரக்ஷிதா, சங்கத்துலேர்ந்து ரெண்டு பேர், மேஜை ஓரத்துல கல்பகம். அவ கையில அந்தக் காகிதம், பாதி படிச்சுண்டிருந்தா.

"அதைப் படிக்காதே" என்றேன். "தப்பு உன்னுது இல்லை. என்னுது."

விஸ்வநாத் எழுந்தார். "சார், கொஞ்சம் வெளிய இருங்க சார், மீட்டிங் நடந்துட்டிருக்கு."

"நக்கோ, விஸ்வநாத். நான் சொல்லிட்டுப் போறேன்." நாப்பது வருஷ ஹைதராபாத், அவசரத்துல வேண்டாம்னு சொல்றது இப்படித்தான் வரும். சங்கத்துக்காரா ரெண்டு பேரும் நிமிந்து பாத்தா. ஒரே மூச்சுல சொன்னேன். பாசி, புழு, சாய்ச்சது, தேய்ச்சது, பைப் தண்ணி, ரெண்டு ஸ்பூன். தெரிஞ்சும் மூணு நாள் வாயை மூடிண்டிருந்ததையும் சொன்னேன்.

ரக்ஷிதா நெத்தியில கையை வெச்சுண்டா. விஸ்வநாத் முகம் கறுத்தது. "சோதனை நடக்கிற இடத்துல போயி டிரம்மைக் கழுவச் சொல்லி உங்களை யாருங்க கேட்டாங்க?"

"ஒருத்தரும் கேக்கலை" என்றேன்.

கல்பகம் என்னைத் திட்டலை. காகிதத்தைத் திருப்பிப் போட்டா, பேனாவைத் திறந்தா. முன்னப் பின்னத் தெரியாத சாட்சிகிட்ட கேக்கற மாதிரி கேட்டா. என்ன தேதி, எத்தனை மணி? பவுடர் எந்த ஸ்பூன், டீ ஸ்பூனா, சாப்பாட்டு ஸ்பூனா? டிரம் முழுக்கவா, முக்காலா? புதன்கிழமை மோந்து பாத்தப்போ வாசனை இருந்துதா? நான் நின்னுண்டே பதில் சொன்னேன். ஒரு பதில்ல தடுமாறினேன், திரும்பக் கேட்டா. என் சர்வீஸ்ல எத்தனை பேரை நான் இப்படி நிக்க வெச்சிருக்கேன். இவ்வளவு சுத்தமா ஒரு விசாரணையை நான் பண்ணினது இல்லை. அந்த வெக்கத்துலயும் எனக்கு அவளைப் பாத்து மாரு நிமிந்தது, அதையும் சொல்லத்தான் வேணும்.

எழுதி முடிச்சா. "அப்போ பூஞ்சை சரியாத்தான் இருந்தது" என்றாள். எல்லாருக்கும் கேட்டது. ஆனா அது அவளுக்கு அவளே சொல்லிண்டது.

அப்புறம் சங்கத்துக்காராளைப் பாத்துத் தெலுங்குல சொன்னா. "இந்த எண் எதையும் நம்பாதீங்க. மறுபடி விதைக்க மூணு வாரம் வேணும். அது வரைக்கும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

விஸ்வநாத், "மேடம், மூணு வாரத்துல அவங்க வேற இடத்துல வாங்கிருவாங்க" என்றார்.

"வாங்கட்டும். வாங்கற இடத்துல சவலை செத்துதான்னு கேட்டு வாங்கச் சொல்லுங்கோ."

ரெண்டு பேர்ல பெரியவர் முந்தின வருஷம் பதினோரு ஏக்கர் அழுகக் கொடுத்தவராம். அவர் காத்திருக்கறோம்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. நம்பர் மட்டும் வாங்கிண்டு போனார்.

திரும்பி வரச்சே லிங்கம்பள்ளி தாண்டினதும் கல்பகம் ஜன்னல் பக்கம் பாத்துண்டே பேசினா. "டிரம் அலம்பினது தப்பில்லை. எழுதிக் கொடுக்காதது என் தப்பு. ஆனா மூணு நாள் நான் என் கையைச் சந்தேகப்பட்டேன். அதை நீங்க பாத்துண்டே இருந்தேள்."

"ஆமாம்" என்றேன்.

அன்னிக்கே மறுபடி சோளம் வேகவெச்சா. இந்தத் தடவை மல்லேஷ் இருந்தான். என்னை ஷெட் பக்கமே சேக்கலை. டிரம் மேல தமிழ்லயும் தெலுங்குலயும் பலகை தொங்கித்து, கழுவக் கூடாதுன்னு.

விதைச்ச ஆறாம் நாள் சவலை விழ ஆரம்பிச்சது. பன்னிரண்டாம் நாள் நூத்துக்கு ஏழுதான் பாக்கி. ஆறாம் நம்பர், தொண்ணூத்தாறு நின்னுதே, அது முப்பத்தெட்டு. முதல் கணக்கை நம்பி மூட்டை போயிருந்தா, முதல் மழையில கிட்டத்தட்ட ரெண்டாயிரம் ஏக்கர் அழுகியிருக்கும். யாரும் திரும்பிக்கூடப் பாக்காத மூணாம் நம்பர் எண்பத்திரெண்டு. ரக்ஷிதா நம்பலை. தானே கீழ உக்காந்து நாலு டிரேயும் எண்ணினா. விழுந்த ஒவ்வொரு நாத்தையும் எடுத்து அடித்தண்டைப் பாத்துப் பாத்து வெச்சா. அஞ்சு வருஷ உழைப்பு, அழுகை வரத்தான் வந்தது. கல்பகம் பக்கத்துல ஸ்டூலைப் போட்டுண்டு, அவ எண்ணி முடிக்கற வரைக்கும் உக்காந்திருந்தா. கடைசியில அவ சொன்ன கணக்கும் இவ எழுதின கணக்கும் ஒண்ணு. சங்கத்துக்காரர் போன் பண்ணினார். மூணாம் நம்பர் விதை கையிருப்புல இருந்தது எண்ணூறு ஏக்கருக்குத்தான். அதை எடுத்துண்டார்.

அறிக்கையை அனுப்பறதுக்கு முன்னாடி விஸ்வநாத் எங்க ஆத்துக்கு போன் பண்ணினார். நான்தான் எடுத்தேன். முதல் சோதனை ஏன் ரத்தாச்சுங்கற பாராவை எடுத்துடச் சொல்லி மேடம்கிட்டச் சொல்லுங்க, வெளி ஆளுங்க படிக்கிறது, உங்க பேரு வேற இருக்கு, உங்களுக்குத்தான் சங்கடம்னார். போனைக் கல்பகம்கிட்டக் கொடுத்தேன். "முழுசாப் போனாப் போகட்டும். இல்லேன்னா போக வேண்டாம்" என்று சொல்லிட்டு வெச்சுட்டா. முழுசாத்தான் போச்சு. நீட்டிப்பு ஆர்டரும் அந்த வாரமே வந்தது.

அறிக்கையோட காப்பி ஒண்ணு கேட்டு வாங்கினேன். ரெண்டாம் பக்கம், கீழேர்ந்து நாலாம் வரி. முதல் சோதனை ரத்து. காரணம், நீர் மாற்றம். மாற்றியவர் பத்ரிநாராயணன், சோதனையாளரின் கணவர்.

சீனியர் இன்ஸ்பெக்டர், சீஃப் இன்ஸ்பெக்டர், அடிஷனல் டைரக்டர்னு எத்தனையோ பேர்ப்பலகை எனக்கு இருந்திருக்கு. எல்லாத்துக்கும் பரீட்சை, இன்டர்வியூ, சீனியாரிட்டி. இது ஒண்ணுதான் நான் தப்புப் பண்ணி வாங்கினது. இப்போ யாராவது சார் என்ன பண்றேள்னு கேட்டா, ரிடையர்டுன்னு சொல்றதில்லை. அந்த நாலாம் வரியைத்தான் சொல்றேன்.